ஒளி விற்றோர் கணக்கு

2001 ஜூன் இறுதியில் முடிந்த நிதியாண்டில் ஜே.டி.எஸ். யூனிஃபேஸ் என்னும் நிறுவனத்தின் விற்பனை 323 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டில் அது 143 கோடியாக இருந்தது. ஓராண்டில் இருமடங்குக்கும் மேற்பட்ட வளர்ச்சி. அதே ஆண்டுக் கணக்கில் அந்நிறுவனம் காட்டிய நட்டம் ஏறத்தாழ 5,600 கோடி டாலர். அமெரிக்க நிறுவனங்களின் வரலாற்றில் அதுவரை எவரும் அத்தனை பெரிய நட்டத்தைக் காட்டியதில்லை. விற்ற பொருளின் மதிப்பைப் போல் பதினேழு மடங்கு நட்டம். இவ்விரு எண்களும் ஒரே அறிக்கையில், ஒரே கையொப்பத்தின் கீழ் இடம்பெற்றன என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இணையத்தைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழைகளுக்கான லேசர்களையும் பெருக்கிகளையும் வடிகட்டிகளையும் செய்து விற்ற நிறுவனம் அது. கதைகளையும் கவிதைகளையும் பற்றி எழுதிவரும் நாங்கள் இந்தத் தொழிலைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் பெருகத் தொடங்கிய 2023ஆம் ஆண்டுக்குப் பின், ஒளியிழைப் பாகங்களைச் செய்யும் நிறுவனங்களைப் பற்றிய செய்திகள் மீண்டும் முதற்பக்கத்துக்கு வந்திருக்கின்றன. அச்செய்திகளில் 'வளர்ச்சி' என்ற சொல் 'இலாபம்' என்ற பொருளிலேயே ஆளப்படுகிறது. சொற்களோடு உறவாடுபவர்களுக்கு இது உறுத்தாமல் இராது. (குறளில் 'ஊதியம்' என்றால் இலாபம், இன்று அச்சொல் மாதச் சம்பளத்துக்குப் பெயராகிவிட்டது. ஒரு சொல் இப்படி இடம்பெயர்ந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் வளர்ச்சிக்கும் இலாபத்துக்கும் இடையிலுள்ள கோடு அழிந்தால் சேமிப்பை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.) இந்தத் தொழிலில் வளர்ச்சி பொய்த்ததே இல்லை, இலாபம்தான் அதனைச் செய்தவர்களின் கையில் தங்கியதில்லை என்பது எங்கள் கருத்து. அது ஏன் தங்கவில்லை என்று விளக்க முயல்கிறோம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஒளியிழை என்பது தலைமுடியளவே தடிமனுள்ள கண்ணாடி நூல். தூய கண்ணாடியினூடே ஒளியை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966இல் சார்ல்ஸ் காவ் எழுதினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையை இழுத்துக் காட்டினர். ஆனால் இழை மட்டும் இருந்து பயனில்லை. ஒரு முனையில் மின்துடிப்பை ஒளித்துடிப்பாக்க லேசர் வேண்டும்; மறுமுனையில் ஒளியை மீண்டும் மின்சாரமாக்க உணரி வேண்டும். நீண்ட வழியில் எண்பது கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவில் களைத்த ஒளியைத் தெம்பூட்டி அனுப்பும் பெருக்கி வேண்டும். 1987இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்னும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தாரும், எர்பியம் கலந்த இழையாலேயே அத்தகைய பெருக்கியைச் செய்யலாம் என்று காட்டிய பிறகுதான் கடலடிக் கம்பிகளின் முகம் மாறியது. பல நிறங்களில் ஒளியை ஒரே இழைக்குள் அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுக்கும் வித்தை அதன் பின் வந்தது. லேசரையும் உணரியையும் ஒரு விரல் நீளப் பெட்டிக்குள் அடக்கி, கணினிப் பெட்டியின் முகப்பில் செருகும்படி செய்தால் அதற்கு டிரான்ஸீவர் என்று பெயர். இன்று இத்தொழிலின் சந்தைச் சரக்கு பெரும்பாலும் அதுவே.

இவற்றைச் செய்வது கடினம். நெடுந்தொலைவு இழையின் உள்ளே ஒளி செல்லும் பாதையின் குறுக்களவு ஏறத்தாழ ஒன்பது மைக்ரான். லேசரின் வாயை அதற்கு நேரே, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த பிழையுடன் பொருத்தி ஒட்ட வேண்டும். நெடுங்காலம் இது உருப்பெருக்கியின் கீழே பெண்தொழிலாளர்களின் விரல்கள் செய்த வேலை. ஆனால் செய்வதற்கு அரிய பொருள் எல்லாம் விலை பெறும் பொருள் ஆகிவிடுவதில்லை. அதே அருமையுடன் வேறு நால்வரும் செய்யக்கூடியதாயின், வாங்குபவன் நால்வரையும் வரிசையில் நிற்கவைத்து விலை கேட்பான்.

1990களின் கதைக்கு வருவோம். 1996இல் சியெனா என்ற நிறுவனம் ஒரே இழையில் பதினாறு நிறங்களை அனுப்பும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு பாதையைப் பதினாறாக்கும் அந்தக் கருவிக்குத் தேவையான லேசர்களும் வடிகட்டிகளும் செய்தவர்கள் காட்டில் மழை. அப்போதுதான் ஒரு வாக்கியம் ஊரெங்கும் உலவத் தொடங்கியது: இணையப் போக்குவரத்து நூறு நாள்களுக்கு ஒருமுறை இருமடங்காகிறது. வேர்ல்ட்காமின் கிளையான யூயூநெட் வட்டாரத்தில் கிளம்பி, 1998இல் அமெரிக்க வணிகத் துறையின் அறிக்கையிலேயே அது இடம்பிடித்துவிட்டது. ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்த கணிதவியலாளர் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ உண்மையான எண்களைத் தேடிச் சேர்த்து, போக்குவரத்து ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் இருமடங்காகிறது என்று காட்டினார். கேட்பாரில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஆண்டுக்கு இருமடங்கு என்பதே பிற தொழில்கள் கனவிலும் காணாத வளர்ச்சி. மூன்றாண்டில் அது எட்டு மடங்காகும். நூறு நாளுக்கு இருமடங்காயின் மூன்றாண்டில் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. எட்டு மடங்கு வளரும் ஊருக்கு இரண்டாயிரம் மடங்குக்கான சாலை போட்டார்கள். கடலடியிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் புதைத்த இழைகளில் பெரும்பகுதி ஒளியே காணாமல் இருட்டில் கிடந்தது. ஊர் வளரவில்லை என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது. வளர்ந்துகொண்டுதான் இருந்தது, 2001, 2002ஆம் ஆண்டுகளிலும் வளர்ந்தது.

இதில் இன்னொரு முரண் உண்டு. பொருளியல் கட்டுரைகளில் இதற்கு உரிய இடம் தரப்படுவதில்லை என்பது எங்கள் குறை. பாகம் செய்வோரின் திறமையே அவர்களுக்குப் பகையாயிற்று. ஓர் இழையில் பதினாறு நிறங்கள் போதாதென்று எண்பதாக்கினர், நூற்றறுபதாக்கினர். ஒவ்வொரு நிறத்தின் வேகத்தையும் நான்கு மடங்காக்கினர். ஏற்கெனவே புதைத்த இழை ஒன்றே பழைய இழைகள் நூற்றின் வேலையைச் செய்யத் தொடங்கியது. நெசவாளி தன் தறியின் திறனை நூறு மடங்காக்கினான். உடுத்துவோர் தொகையோ எட்டு மடங்குதான் ஆகியிருந்தது.

ஜே.டி.எஸ். யூனிஃபேஸின் அந்த 5,600 கோடி டாலர் எங்கே போயிற்று? 1999இல் கனடாவின் ஜே.டி.எஸ். ஃபிட்டெலும் கலிஃபோர்னியாவின் யூனிஃபேஸும் இணைந்து பிறந்த நிறுவனம் அது. பிறந்த வேகத்தில் போட்டியாளர்களை வாங்கத் தொடங்கியது. 2000இல் இ-டெக் டைனமிக்ஸை வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் எஸ்.டி.எல். என்ற லேசர் நிறுவனத்தை 4,100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ரொக்கம் கொடுத்து வாங்கவில்லை; தன் பங்குகளை அச்சிட்டுக் கொடுத்து வாங்கியது. ஊதிப்பெருத்த தாளைக் கொடுத்து ஊதிப்பெருத்த தாளை வாங்கிய வணிகம் இது. சந்தை இறங்கியபோது வாங்கியவற்றின் மதிப்பைக் கணக்கேட்டில் குறைத்தாக வேண்டியதாயிற்று; அந்தக் குறைப்பே நட்டத்தின் பெரும்பகுதி. ஆகவே அது வெறும் ஏட்டு நட்டம், யாருடைய பணமும் போகவில்லை என்று வாதிடுவோர் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. அந்தத் தாள்களை ஓய்வுக்காலத்துக்கென்று வாங்கி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். உச்சத்தில் 29,000 பேர் அளவில் இருந்த பணியாளர்களில் பாதிக்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பும் முடிவு 2001 ஜூலைக்குள் எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த நிதியாண்டில் விற்பனை 110 கோடியாகவும் அதற்கடுத்த ஆண்டில் 67.6 கோடியாகவும் சுருங்கியது. கனடாவில் இதன் வலி இருமடங்கு. அங்கே நார்ட்டெல் என்ற ஒரே நிறுவனம் 2000ஆம் ஆண்டின் உச்சத்தில் டொராண்டோ பங்குக் குறியீட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கொண்டிருந்தது. 2009இல் அது திவால் பாதுகாப்பு கேட்டு நின்றது. உடல் நலிந்து பணி செய்ய இயலாமற்போன முன்னாள் ஊழியர்களுக்கு அந்நிறுவனம் வழங்கி வந்த உதவித்தொகை 2010ஆம் ஆண்டோடு நின்றுபோனது.

ஒரு தொழிற்சாலையின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். இத்தொழிலின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஒரு லேசர் பிறந்தது. எர்பியம் பெருக்கிக்கு ஆற்றலை ஊட்டும் 980 நானோமீட்டர் லேசர் அது. கடலின் அடியில் போடும் பெருக்கியைப் பழுதுபார்க்கக் கப்பல்தான் போக வேண்டும். எனவே இருபத்தைந்து ஆண்டு பழுதாகாத லேசர் வேண்டும். சூரிச்சாரின் கைத்திறன் அதில் பெயர்பெற்றது. 1997இல் ஐபிஎம் அந்தப் பிரிவைச் சுமார் 4.5 கோடி டாலருக்கு யூனிஃபேஸிடம் விற்றது. 2001இல் எஸ்.டி.எல்.-ஐ விழுங்க ஜே.டி.எஸ். யூனிஃபேஸுக்கு அமெரிக்க நீதித்துறையின் இசைவு தேவைப்பட்டது. இருவரும் இதே லேசரில் முன்னிற்பவர்கள். இருவரும் ஒருவரானால் சந்தை ஒருவர் கைக்குப் போய்விடும். சூரிச்சை விற்றுவிடு என்பது நிபந்தனை. 250 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளைக் கொடுத்து நார்ட்டெல் அதை வாங்கியது. நான்கே ஆண்டில் விலை ஐம்பது மடங்குக்கு மேல்! அடுத்த ஆண்டிலேயே அந்த நார்ட்டெல் பங்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. 2002இல் நார்ட்டெல் தன் ஒளியிழைப் பாகப் பிரிவு முழுவதையும் இங்கிலாந்தின் புக்கம் நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. சூரிச் அதில் ஒரு துண்டு மட்டுமே. மொத்தப் பிரிவுக்கும் கிடைத்தது, ஓராண்டுக்கு முன் சூரிச்சுக்கு மட்டும் கொடுத்ததில் ஒரு சிறு பகுதி. அதுவும் பெரும்பாலும் பங்குகளாக. 2009இல் புக்கமும் அவனெக்ஸும் இணைந்து ஒக்லாரோ ஆயின. ஒக்லாரோ கைமுடை தாளாமல் 2013இல் சூரிச்சின் லேசர் பிரிவை டூ-சிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு 11.5 கோடி டாலருக்கு விற்றது. அந்த டூ-சிக்ஸ்தான் 2022இல் கோஹரென்ட் நிறுவனத்தை வாங்கி அதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது.

பதினாறு ஆண்டுகளில் ஐந்து உரிமையாளர்கள். 4.5 கோடி, 250 கோடி, பின் 11.5 கோடி. இந்தக் காலம் முழுவதும் அங்கே செய்த லேசர் மேன்மேலும் சிறந்துகொண்டுதான் வந்தது. அதைக் கொண்ட பெருக்கிகள் கடலடியில் உழைத்துக்கொண்டுதான் இருந்தன. பொருள் சிறந்தது, தேவை பெருகியது, வாங்கிய கைகள்தாம் சுட்டுக்கொண்டன.

குமிழி வெடித்த காலத்தின் கோளாறு இது என்று ஒதுக்கிவிட முடிந்தால் எளிது. ஆனால் அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளிலும் இதே நாடகம் சிறு அரங்குகளில் நடந்தபடியே இருந்தது. வாங்குவோர் மிகச் சிலர் என்பது அதன் முதற்காரணம். முன்பு தொலைபேசி நிறுவனங்களுக்குக் கருவி செய்யும் நாலைந்து பேர். பிறகு கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட், மெட்டா போன்ற நாலைந்து பேர். டெக்சஸின் அப்ளைடு ஆப்டோஎலக்ட்ரானிக்ஸ் அமேசானை முதன்மை வாடிக்கையாளராகக் கொண்டு செழித்தது. 2017 ஜூலையில் அதன் பங்கு நூறு டாலரைத் தொட்டது. அடுத்த மாதம், ஒரு பெரிய வாடிக்கையாளரின் கொள்முதல் குறைகிறது என்ற ஒரே அறிவிப்பில் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு போயிற்று. 2022 முடிவில் அது மூன்று டாலருக்கும் கீழே கிடந்தது. (பின்னர் மீண்டும் ஏறியது வேறு கதை.) 2018 ஏப்ரலில் சீனாவின் இசட்.டி.இ.க்கு எதையும் விற்கக் கூடாது என்று அமெரிக்க அரசு தடைவிதித்தபோது, அதனிடம் பெரும்பங்கு விற்றுவந்த அகேசியா தடுமாறியது. மறு ஆண்டு ஹுவாவே மீது தடை வந்தபோது நியோஃபோட்டானிக்ஸ் தடுமாறியது. ஒரே ஒரு கொம்பில் கூடு கட்டிய பறவைகள்.

இரண்டாவது, பொருள்களின் ஒருமை. 2000ஆம் ஆண்டையொட்டித் தயாரிப்பாளர்கள் கூடி டிரான்ஸீவரின் நீள அகலங்களையும் ஊசிகளின் அமைப்பையும் பொதுவாக வகுத்துக்கொண்டார்கள். யார் செய்ததும் யாருடைய கருவியிலும் பொருந்தும். சந்தை விரிய இது இன்றியமையாததாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அன்றே அவர்கள் தங்களை ஒருவருக்கொருவர் மாற்றாக்கிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் விலையைக் குறைத்துத் தர வேண்டும் என்பது இத்தொழிலின் எழுதப்படாத சட்டம். நூற்றுக்குப் பத்து, சில ஆண்டுகளில் இருபது. அனுப்பும் தரவின் அலகு ஒன்றுக்கு விலை வீழ்ந்துகொண்டே இருப்பதால்தான் இணையம் வளர்கிறது. வளர்ச்சியின் எரிபொருளே அவர்களுடைய விலைக்குறைப்பு என்றால், வளர்ச்சியிலிருந்து அவர்கள் எதை எடுத்துக்கொள்ள முடியும்?

மூன்றாவதாக ஒன்றுண்டு. 2010ஐ ஒட்டி நெடுந்தொலைவுத் தொடர்பில் ஒளியின் வேலையில் பாதியைக் கணக்குப் போடும் சிலிக்கான் சிப்புகள் எடுத்துக்கொண்டன. இழையில் சிதைந்துவரும் ஒளியலையைக் கணிதத்தால் சீராக்கும் சிப்புகள் அவை. பின்னாளில் தரவு மையங்களின் டிரான்ஸீவர்களிலும் அவற்றின் உறவினர்கள் குடியேறின. கொழுத்த இலாபம் அங்கே நகர்ந்தது. அத்தகைய சிப்பு செய்த இன்ஃபை நிறுவனத்தை 2021இல் மார்வெல் ஏறத்தாழ 1,000 கோடி டாலருக்கு வாங்கியது. சொந்தமாகச் சிப்பும் சிலிக்கான் ஒளியியலும் கைவரப்பெற்ற அகேசியாவை சிஸ்கோ 2019இல் 260 கோடிக்குப் பேசி, இழுபறிக்குப் பின் 2021இல் 450 கோடிக்கு வாங்கியது. சிப்பு செய்வதில் முடிசூடிய இன்டெல்லோ, செருகு டிரான்ஸீவர் தொழிலில் ஆண்டுகள் பல உழைத்துவிட்டு 2023இல் அதை ஜேபிலிடம் கைமாற்றிவிட்டு விலகியது. அத்தனை பெரிய கைக்கும் இந்தச் சிறிய பெட்டி கட்டுபடியாகவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்த வணிகத்தில் நிலையாக இலாபம் பார்த்தவர் யாரென்று தேடினால் வியப்பான விடை கிடைக்கிறது. சீகேட் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான டாம் மிட்செல், தாய்லாந்தில் ஃபாப்ரினெட் என்ற ஒப்பந்தத் தொழிற்சாலையைத் தொடங்கினார். சொந்தப் பெயரில் எந்தப் பொருளும் இல்லை. மற்றவர்கள் வடிவமைத்ததைப் பூட்டித் தருவதே வேலை. நூறு டாலர் விற்பனையில் மொத்த இலாபம் பன்னிரண்டு டாலர் அளவிலேயே நிற்கும். 2011 வெள்ளத்தில் அதன் ஆலை ஒன்று மூழ்கியது. அந்த வெள்ளம் தாக்கிய நிதியாண்டு நீங்கலாக, பெரும்பாலும் இலாபம் காட்டிவந்தது. அறிவுச் சொத்து என்று மார்தட்டியவர்கள் நட்டத்தில் கிடக்க, கூலிக்குப் பூட்டிக் கொடுத்தவர் வாழ்ந்தார்.

எல்லோரையும் விட மிகுதியாகப் பெற்றவர்கள் நுகர்ந்தவர்களே. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து பாரதியும் சிங்டெல்லும் இட்ட கடலடிக் கம்பி 2002இல் பணி தொடங்கியது. 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு டைக்கோ நிறுவனம் உலகைச் சுற்றிப் போட்ட கடலடி வலையமைப்பை 2005இல் டாட்டாவின் வி.எஸ்.என்.எல். 13 கோடி டாலருக்கு வாங்கியது. திவாலாகி மீண்ட ஃப்ளாக் நிறுவனத்தை 2004இல் ரிலையன்ஸ் 20.7 கோடி டாலருக்கு வாங்கியது. இங்கே மென்பொருள் நிறுவனங்கள் எழுந்ததற்குக் காரணங்கள் பல. மலிந்த கடலடி இணைப்பு அவற்றுள் ஒன்று. ஒட்டாவாவில் வேலையிழந்தவரின் இழப்பில் ஒரு துளி நம் ஊர்ச் சம்பளப் பட்டியலில் வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் வரவையும் எழுத வேண்டும்.

இனி இன்றைய நிலை. செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பேச வேண்டியிருப்பதால் டிரான்ஸீவர்களின் தேவை உண்மையிலேயே பெருகியிருக்கிறது. சீனாவின் சூசோவில் 2008இல் தொடங்கிய இன்னோலைட், 2024இல் சுமார் 2,386 கோடி யுவானுக்கு விற்று 517 கோடி யுவான் நிகர இலாபம் கண்டது. நூற்றுக்கு இருபதுக்கு மேல்! எங்கள் வாதத்துக்கு எதிரான சான்றுகளில் இதுவே வலியது. இதனை மறைப்பது முறையன்று. 2000இல் வாங்கியவர்களிடம் கடன் இருந்தது, வருமானம் இல்லை. இன்று வாங்குபவர்கள் உலகின் மிகப்பெரிய இலாபம் ஈட்டுவோர் என்பதும் உண்மையே. இன்டியம் ஃபாஸ்ஃபைடு லேசர்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 2025இல் லூமெண்டம் பங்கு பலமடங்கு ஏறியதையும் கண்டோம். ஜே.டி.எஸ். யூனிஃபேஸ் 2015இல் இரண்டாகப் பிரிந்தபோது லேசர் பக்கத்துக்கு இடப்பட்ட பெயர்தான் லூமெண்டம்.

ஆனால் அதே லூமெண்டம், 2024 ஜூனில் முடிந்த நிதியாண்டில் 50 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. அது செயற்கை நுண்ணறிவு அலை எழுந்த பிந்தைய ஆண்டு! தட்டுப்பாட்டுக்கு அஞ்சித் தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்கள் முன்னர் வாங்கிக் குவித்த சரக்கு தீரும்வரை புதிதாக வாங்காமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். இன்று ஒரு லேசருக்கு இரண்டு கேட்டு வைப்பவர்கள் நாளை அந்த இரண்டில் ஒன்றை வேண்டாம் என்பார்கள். இதற்கிடையே 2025 மார்ச்சில் என்விடியா, செருகுப் பெட்டியையே தவிர்த்து ஒளியைச் சிப்பின் அருகிலேயே ஏற்றும் கருவிகளை அறிவித்தது. அது பரவுமாயின், பெட்டி செய்வோரின் இருபது விழுக்காடு யாருடைய பைக்குப் போகும் என்பது திறந்த கேள்வி. லேசருக்குத் தேவை குறையாது, பெட்டிக்குக் குறையலாம். வளர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்துச் சேமிப்பை இடுவோர், விற்பவருக்கு எத்தனை வாடிக்கையாளர், அவருக்கு மாற்றாக எத்தனை பேர், புது ஆலையை யாருடைய பணத்தில் கட்டுகிறார் என்று கேட்பதைக் காணோம். இத்தொழிலில் கடைசிக் கேள்விதான் முதலில் கேட்கத்தக்கது என்று கருதுகிறோம்.

டெக்சஸின் ஷெர்மன் நகரில் ஓர் ஆலை இருக்கிறது. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஃபினிசாருக்கு 39 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. தொலைபேசி நம் முகத்தை அடையாளம் காணத் தேவைப்படும் லேசர்களை அந்த ஆலையில் செய்வதற்காக. வலையமைப்பில் கிடைக்காத இலாபம் முகங்களில் கிடைக்கும் என்று தொழிலே நம்பிய காலம் அது. 2019இல் டூ-சிக்ஸ் ஃபினிசாரை வாங்கியது, ஆலையும் உடன் போயிற்று. 2024இல், இப்போது கோஹரென்ட் என்னும் பெயரில், அதே ஆலையில் ஆறு அங்குல இன்டியம் ஃபாஸ்ஃபைடு வில்லைகளில் தரவு மையங்களுக்கான லேசர்களைச் செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு 3.3 கோடி டாலர் வரை மானியம் தருவதற்கான முதற்கட்ட உடன்பாட்டை வெளியிட்டது. முதலில் தொலைபேசி செய்பவரின் பணம், பிறகு அரசின் பணம். பெரிய வில்லையில் ஒரே முறையில் முன்னைவிடப் பன்மடங்கு லேசர்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் அடக்கவிலையும் இறங்கும். அந்த இறக்கத்தை அடுத்த ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறுவதற்கு வாங்குவோர் இப்போதே எழுதுகோலுடன் உட்கார்ந்திருப்பார்கள்.